சாட்சி நின்ற மரம்

மகிழம்பூவை யாரும் கொம்பிலிருந்து பறிப்பதில்லை. அது தானே உதிர்கிறது. நாம் குனிந்து பொறுக்கிக்கொள்கிறோம். பூக்கும் பருவத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் வெளிச்சுற்றுக்குப் போனால் கல்தரையில் அது சிதறிக் கிடப்பதைக் காணலாம். சுண்டுவிரல் நகத்தளவுப் பூ. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. ஓரங்கள் விண்மீன் போலப் பிரிந்திருக்கும். நடுவே சிறிய துளை. ஊசி வேண்டாம், வெறும் நாரிலேயே கோத்துவிடலாம். அப்படிக் கோத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என் உள்ளங்கையில் நாலைந்து பூக்களை வைத்து, "காஞ்சாலும் வாசன போவாது கண்ணு. பொட்டில போட்டு வை" என்றார். மதிலுக்கு அப்பால் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி நகரும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. கையிலிருந்த பூவின் மணம் அந்த ஓசைக்கும் டீசல் புகைக்கும் நடுவே தன்னிடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றது.

இந்த மரத்தின் பெயரால் ஒரு விழா உண்டு. மாசிப் பெருவிழாவின்போது நாயன்மாருள் ஒருவரான சுந்தரருக்கும் சங்கிலி நாச்சியாருக்கும் இங்கே திருமணம் நடக்கிறது. மகிழடி சேவை என்று அதைச் சொல்கிறார்கள். ஒருவன் ஒருத்தியைக் கண்டு, விரும்பி, மணந்து, "உன்னைப் பிரியேன்" என்று சொன்ன சொல்லை ஓர் ஊர் நூற்றாண்டுகளாக மறக்காமல் வைத்திருக்கிறது. வடசென்னைக்கென்று ஒரு காதல் திருநாள் உண்டென்றால், அது இதுதான்.

காதலர் தினம் என்று நாம் அழைக்கும் பிப்ரவரி 14-ஆம் நாளும் மாசி பிறந்த கையோடு வந்துவிடுகிறது. விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயில் தடம் 2021-ஆம் ஆண்டு அதே நாளில்தான் திறக்கப்பட்டது. இன்று அந்த ரயிலில் ஒற்றை ரோசாவைக் கைப்பையில் மறைத்துக்கொண்டு தேரடி நிலையத்தில் இறங்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். இந்த நாள் நம்முடையதா, பிறருடையதா என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். விழாக்கள் எங்கிருந்தும் வரலாம். வந்த இடத்தில் வேர்விடவும் செய்யலாம். ஆகவே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. காதலுக்கென ஒரு நாளை ஒதுக்கும் மனிதன் அந்த நாளில் எதை நினைவுகூர வேண்டும்? கண்ட கணத்தின் களிப்பையா, கொடுத்த சொல்லின் பாரத்தையா? மகிழ மரம் இந்தக் கேள்விக்குத் தன் கதையால் விடை சொல்கிறது.

அந்தக் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில், ஏயர்கோன் கலிக்காம நாயனாரின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்கிறார். ஒற்றியூருக்கு அருகில் உள்ள ஞாயிறு என்னும் ஊரில் பிறந்தவர் சங்கிலியார். உலகியல் மணத்தில் மனம் பற்றாதவர். பெற்றோர் அவருடைய உள்ளத்தை அறிந்து, ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் கொடுக்க, அங்கிருந்து இறைவனுக்குப் பூமாலை தொடுத்து வந்தார். ஒரு திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் மாலை கட்டுவார். ஒருநாள் மாலையைக் கொடுப்பதற்காகத் திரை விலகியபோது, வழிபட வந்திருந்த சுந்தரர் அவரைக் கண்டார். ஒரு கணம்தான், திரை மீண்டும் மூடிக்கொண்டது. அந்தக் கணம் சுந்தரரின் வாழ்வை இரண்டாகப் பிரித்துவிட்டது.

சுந்தரர் இறைவனையே தோழனாகப் பெற்றவர். தம்பிரான் தோழர் என்ற பெயர் அவருக்கு மட்டுமே உரியது. ஆகவே தம் ஆசையை அந்தத் தோழரிடமே சொல்லி, அவரையே தூது போகச் செய்தார். சங்கிலியாரின் கனவில் இறைவன் தோன்றிக் கேட்டபோது, அந்தப் பெண் நாணத்தோடு ஒரு நியாயமான ஐயத்தை முன்வைத்தார். சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவராயிற்றே என்றார். அந்த ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் முழுத் தெளிவும் இருக்கிறது. தன்னை விரும்பும் ஒருவனின் இன்றைய கண்ணீரை மட்டும் பார்க்காமல், அவனுடைய நேற்றையும் நாளையையும் சேர்த்துப் பார்க்கும் தெளிவு அது. உன்னைப் பிரிந்து போகாதபடி அவன் சூளுரைப்பான் என்று இறைவன் உறுதி சொன்ன பிறகே அவர் இசைந்தார்.

இனிமேல் வருவதுதான் கதையின் உயிர்நிலை. சூளுரைக்க வேண்டும் என்று கேட்டதும் சுந்தரருக்குத் தயக்கம் வந்தது. பல தலங்களுக்கும் சென்று பாடித் திரிபவர் அவர். ஓரூரில் கட்டுண்டு கிடக்க அவரால் ஆகுமா? ஆகவே தோழரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: நாளைக்கு நான் உன் சந்நிதியில் சத்தியம் செய்ய வரும்போது, நீ கருவறையை விட்டு வெளியே போய் மகிழ மரத்தின் கீழ் இருக்க வேண்டும். இறைவன் மறுக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்றார். அதே இரவில் சங்கிலியாரின் கனவில் மறுபடி வந்து, சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்றார். பொழுது விடிந்தது. சத்தியம் செய்யச் சந்நிதிக்கு வாருங்கள் என்று சுந்தரர் அழைக்க, இறைவன் முன்னிலையில் சூளுரைக்கத் தேவையில்லை, இந்த மகிழின் கீழே சொன்னால் போதும் என்று சங்கிலியாரின் தோழியர் சொல்லிவிட்டனர். மறுக்க வழியில்லை. சுந்தரர் மரத்தை மூன்று முறை வலம் வந்து, பிரியேன் என்று சொன்னார்.

இந்தக் காட்சியைத் திருவிளையாடல் என்று ரசித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. சற்று நின்று பார்த்தால், நம் ஒவ்வொருவரின் உள்ளமும் அந்தக் கருவறை வாசலில் நிற்பது தெரியும். சுந்தரர் கேட்டது என்ன? பொய் சொல்ல அனுமதி கேட்கவில்லை. சங்கிலியாரின் மேல் அவர் கொண்ட அன்பிலும் குறையில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நான் சொல்லும்போது பார்ப்பதற்கு ஆள் இருக்கக் கூடாது. சொல் வேண்டும், சாட்சி வேண்டாம். அன்பின் இனிமை முழுவதும் வேண்டும், அந்த அன்பு தன்னைக் கட்டிப்போடும் கணுவில் மட்டும் ஒரு சிறு நெகிழ்ச்சி வேண்டும். காதலித்த எவருக்கு இந்த ஆசை வந்ததில்லை? உறுதி சொல்லும் நாவுக்குப் பின்னால், தேவைப்பட்டால் வெளியேற ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும் மனம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

ஆனால் சாட்சியை ஓரிடத்திலிருந்து அகற்றினால் அது இன்னோரிடத்துக்குப் போகிறது, இல்லாமல் போவதில்லை. இறைவன் சுந்தரரை ஏமாற்றவில்லை. தோழன் கேட்டதை எழுத்துப் பிசகாமல் செய்தார். கருவறை காலியாயிற்று, மரம் கருவறையாயிற்று. மனிதன் எதை வெற்றிடம் என்று எண்ணித் தன் எளிய சொல்லை அங்கே விட்டெறிகிறானோ, அந்த இடமே அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிட எளிமையாக யார் சொல்லிவிட முடியும்?

இந்த ஊர் அந்த உண்மையைப் போற்றி வந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசாதிராச சோழன், ஒற்றியூர்த் திருவிழாவில் மகிழ மரத்தடி மண்டபத்தில் அமர்ந்து ஆளுடைய நம்பியின் வரலாற்றைக் கேட்டான் என்று இக்கோயில் கல்வெட்டு குறிக்கிறது. நம்பி என்பது சுந்தரரின் பெயர். நாட்டின் பேரரசன், கொடுத்த வாக்கை மீறிய ஒருவரின் கதையை, அந்த வாக்கு சொல்லப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்து கேட்கிறான். ஆணையிடும் அதிகாரம் உள்ளவன் ஆணையின் பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது என்று அக்காலத்தவர் கருதியிருக்க வேண்டும்.

கதைக்குத் திரும்புவோம். சத்தியம் செய்து மணந்த பின்னர் இளவேனில் வந்தது. தென்றல் வீசியதும் திருவாரூரின் வசந்த விழா சுந்தரரின் நினைவில் எழுந்தது. அங்கே தியாகேசர், அங்கே பரவையார். ஆரூரை மறந்து எத்தனை நாள் இருப்பேன் என்று உருகிப் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அடியில் இரு கண்களும் ஒளி இழந்தன.

தண்டனைகள் எத்தனையோ இருக்க, பார்வை ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. மகிழ மரத்தடியில் நின்றபோது விடையொன்று புலப்பட்டது. காதல் தொடங்கியது பார்வையில். ஒரு திரை விலகிய கணத்தில். முறிந்ததும் பார்வையைப் பற்றிய ஒரு வேண்டுகோளில். என்னை யாரும் பார்க்கக் கூடாது என்ற வேண்டுகோளில். பார்க்கப்படாமல் இருக்க விரும்பியவர் பார்வையை இழந்தார். காண்பதும் காணப்படுவதும் இரண்டு வேறு செயல்கள் என்று நாம் நினைக்கிறோம். அன்பில் அவை ஒரே கதவின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்து வைக்க முடியாது. தன்னை மறைத்துக்கொண்டே பிறரை முழுமையாகக் காண விரும்புகிறவனுக்குக் காலப்போக்கில் அவருடைய முகமும் மங்கிவிடுகிறது.

கண்ணிழந்தவர் பாடிக்கொண்டே வழி நடந்தார். வடதிருமுல்லைவாயிலில் பாடினார். திருவெண்பாக்கம் வந்தார். அங்கே கோயில் வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விதான் இந்த வரலாறு முழுவதற்கும் திறவுகோல். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டார். ஒருகாலத்தில் கோயிலுக்குள் இருக்காதே என்று தோழரிடம் சொன்ன அதே நா, இப்போது இருளில் நின்று, உள்ளே இருக்கிறாயா என்று கெஞ்சுகிறது. இருக்கிறோம், போய் வா என்ற பதில் மட்டும் வந்தது. கையில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கண் கிடைக்கவில்லை. பிறகு காஞ்சியில் இடக்கண்ணும், நெடுவழி கடந்து ஆரூரில் வலக்கண்ணும் மீண்டன. இழந்தது ஓரடியில், மீண்டது ஒரு பெரும் பயணத்தில். நம்பிக்கையின் கணக்கு எப்போதும் இப்படித்தான். அது ஒரே நொடியில் போகிறது, கால்வாசி கால்வாசியாகத் திரும்புகிறது.

அந்த வெண்பாக்கம் இன்று நீருக்கடியில் இருக்கிறது. 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது ஊர் மூழ்கியது. கோயிலை இடம் மாற்றிக் கட்டினார்கள். ஊன்றுகோல் கொடுத்த இறைவன் அங்கே ஊன்றீசுவரராக இருக்கிறார். அந்தக் கொசஸ்தலை ஆறு ஓடி வந்து கடலில் கலக்கும் இடம் நம் எண்ணூர். சுந்தரர் கண்ணின்றித் தெற்கே நடந்து போய்விட்டார். அவர் ஊன்றுகோல் பெற்ற ஊரைத் தழுவிய நீர் மட்டும் ஒற்றியூருக்குப் பக்கத்திலேயே வந்து சேர்கிறது. இதில் அற்புதம் ஒன்றும் இல்லை, புவியியல்தான். ஆயினும் பிரிந்தவனின் செய்தியை ஆறு கொண்டுவருவது போல ஒரு நினைவு எழுந்தால், அதைத் தள்ளிவிட மனம் வருவதில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் வற்றும் வேளையில் கொக்குகளும் நாரைகளும் ஒற்றைக் காலில் நிற்பதைக் காணலாம். அவற்றைக் காணும்போது கபிலர் பாடிய குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. தலைவன் தன்னைக் கூடிய நேரத்தில் வேறு யாரும் இல்லை என்கிறாள் தலைவி. அவன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். பிறகு நினைவு வந்தவளாய், ஓடுநீரில் ஆரல் மீனுக்குக் காத்து ஒரு குருகு மட்டும் அங்கே நின்றது என்கிறாள். எத்தனை துயரமான சாட்சி! அந்தக் குருகு பார்த்தது மீனை. பேசவும் அதற்குத் தெரியாது. ஆயினும் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பறவையையாவது சாட்சியாக நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. யாருமே காணாத ஓர் அன்பு, நடந்ததா நடக்கவில்லையா என்ற ஐயத்துக்கே இடமாகிவிடும் என்று அவள் உள்ளம் அஞ்சியது.

தொல்காப்பியர் களவு என்றும் கற்பு என்றும் அன்பின் இரு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்றும் சொன்னார். இந்தக் கூற்றை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். சடங்கு அன்பைப் படைப்பதற்காக வந்ததில்லை. அன்பு அதற்கு முன்பே இருந்தது. அன்பு கொண்டவர் அதை மறுத்துப் பேசத் தொடங்கிய நாளில், கைவிடப்பட்டவளின் பக்கம் நின்று பேச ஒரு நா தேவைப்பட்டது. அந்த நாவுக்குத்தான் சடங்கு என்று பெயர். மேளமும் மாலையும் அதன் உடுப்பு; சாட்சியே அதன் உயிர்.

மேலைநாட்டிலிருந்து வந்த காதலர் தினத்தின் வேரைத் தோண்டினாலும் நம் கை இதே கல்லில்தான் போய்த் தட்டுகிறது. வேலன்டைன் உரோமில் மூன்றாம் நூற்றாண்டில் நம்பிக்கைக்காக உயிர்நீத்த ஒரு புனிதர். அவரைப் பற்றி உறுதியாகச் சொல்லத் தக்கவை மிகச் சில. அதனால் 1969-இல் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது அவருடைய நினைவு நாளை அதில் சேர்க்கவில்லை. அவர் நாளைக் காதலோடு இணைத்தவர்களில் முதன்மையானவர் பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர். பறவைகள் கூடித் தம் துணையைத் தேர்ந்துகொள்ளும் நாளாக அதை அவர் பாடினார். போர்வீரர் மணக்கக் கூடாது என்று பேரரசன் தடைவிதிக்க, வேலன்டைன் மறைவாக மணம் செய்துவைத்தார் என்பது பிற்காலத்தில் வளர்ந்த கதை. கதைதான், ஆனால் மக்கள் ஏன் அப்படி ஒரு கதையை விரும்பி வளர்த்தார்கள் என்பதைப் பாருங்கள். அந்தக் கதையில் வேலன்டைன் காதலித்தவர் இல்லை. காதலித்த இருவருக்கு நடுவே, அரசனின் சினத்துக்கும் அஞ்சாமல், இவர்கள் சொன்னதை நான் கேட்டேன் என்று நின்றவர்.

புனிதர் இராயப்பரின் பெயரால் இராயபுரம் என்று வழங்கும் நம் கடற்கரைப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கத் தமிழர் வாழ்கிறார்கள். நம்பிக்கைக்காக உயிர்கொடுத்தவரை அவர்களுடைய முன்னோர் வேதசாட்சி என்றனர்; இன்று மறைசாட்சி என்கின்றனர். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் சாட்சி என்பதே பொருள். காதலர் தினம் யாருடைய பெயரால் கொண்டாடப்படுகிறதோ அவரைத் தமிழில் சொல்வதென்றால் ஒரு சாட்சி என்றுதான் சொல்ல வேண்டும். கோபுரமும் மணிக்கூண்டும் வேறு வேறாக இருக்கலாம். ஒற்றியூரின் மகிழ மரமும் உரோமின் புனிதரும் நமக்குச் சொல்வது ஒன்றையே.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர்ந்தாக வேண்டும். உணராவிட்டால் இந்த உண்மையே கொடுமைக்குக் கருவியாகிவிடும். பார்ப்பவர் எல்லாம் சாட்சி ஆகிவிட மாட்டார். நம் தெருக்களில் இளையோரைப் பார்க்கும் கண்கள் ஏராளம். கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்களின் மேல் இருவர் ஒதுங்கி உட்கார்ந்தால், அவர் என்ன சாதி, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று துழாவும் கண்கள் அவை. பிப்ரவரி 14 அன்று கம்போடு வந்து நிற்கும் கண்களும் உண்டு. சாதியின் பெயரால் பெற்ற மகளையே பலிகொடுக்கத் துணிந்த கண்களையும் இந்தத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. அவை கண்காணிப்பவை. கண்காணிப்பவன் காதலைத் தடுப்பதற்காகப் பார்க்கிறான்; சாட்சி நிற்பவன் காதல் தன் சொல்லில் நிலைப்பதற்காகப் பார்க்கிறான். முன்னவன் அஞ்ச வைக்கிறான், பின்னவன் பொறுப்பேற்க வைக்கிறான். கண்காணிப்பு மிகுந்த சமூகத்தில் காதலர் ஒளிந்துகொள்ளக் கற்கிறார்கள். ஒளிந்து பழகிய அன்புக்குச் சாட்சியின் தேவையே மறந்துபோகிறது. பிறகு அது முறியும்போது அழுபவளுக்குக் குருகைத் தவிர யாரும் இருப்பதில்லை. முறிந்த சொல்லுக்குச் சொன்னவனோடு சேர்ந்து, அவனை ஒளிய வைத்த நாமும் பொறுப்பாளிகள்.

நம் சட்டங்களிலேயே இந்த இரண்டு பார்வைகளும் அருகருகே இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி சாதியும் மதமும் கடந்து மணக்க விரும்புகிறவர்கள், ஆட்சேபம் கேட்டு ஒட்டப்படும் அறிவிப்புக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன்பின் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். அறிவிப்புப் பலகையில் கண்காணிப்பு இருக்கிறது. அந்த மூன்று கையெழுத்துகளில் சாட்சி இருக்கிறது. அண்ணாவின் ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய சட்டத் திருத்தமோ சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி, ஒரு பெரிய உண்மையை எளிமையாக நிலைநாட்டியது. உற்றாரோ நண்பரோ முன்னிலையில் நிற்க, இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று தமக்குப் புரியும் மொழியில் இருவரும் சொல்லி, மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் அது திருமணமே. இறைவனை முன்னிறுத்தும் மகிழடி சேவையும் இறைவனை வேண்டாத சுயமரியாதை மேடையும் எதிரெதிர்க் கரைகளில் நிற்பவை என்று நாம் எண்ணுகிறோம். இரண்டிலும் சொல்லும் கேட்பவரும் மட்டுமே எஞ்சுகின்றனர். தொழிற்சாலை வேலை முடித்து வந்து, சார்பதிவாளர் அலுவலக வாசலில் நண்பர்களைக் கையெழுத்துக்குக் கெஞ்சி நிற்கும் இளைஞனும், அறியாமலே மகிழ மரத்தைத் தேடித்தான் நிற்கிறான்.

இவ்வளவும் சுந்தரரைப் பற்றிச் சொன்னோம். எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட சங்கிலியாரைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? ஆரூருக்குச் சென்றவரின் வழி ஒவ்வொன்றும் பாட்டாயிற்று. ஒற்றியூரில் இருந்தவரின் நாள்கள் பாட்டாகவில்லை. பரவையாரின் ஊடலைத் தணிக்க இறைவன் நள்ளிரவில் தூது நடந்ததைப் புராணம் விரித்துச் சொல்கிறது. சங்கிலியாரின் அமைதி விரித்துச் சொல்லப்படவில்லை. காத்திருப்பவரின் வாழ்வு எப்போதும் வரலாற்றுக்கு வெளியே நடக்கிறது. காசிமேட்டில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போக, மற்ற நாள்களில் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போன கணவன் திரும்பும் வரை, வானத்தைப் பார்த்தும் கைப்பேசியைப் பார்த்தும் பொழுதைத் தள்ளும் பெண்கள் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுடைய காதலைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. ஏலக்கூடத்தில் கூடை சுமக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆயினும் கடலுக்குப் போனவன் கரைக்குத் திரும்புவது, தான் காணப்படும் ஓர் இடம் அங்கே இருக்கிறது என்ற உறுதியால்தான்.

ஒற்றியூர் இந்த இடத்தில் ஓர் அரிய அறத்தைச் செய்திருக்கிறது. புராணம் மௌனமாகிவிட்ட இடத்தில் ஊர் பேசியது. ஆண்டுதோறும் மாசியில் சங்கிலியாரைத் தனியே விடாமல் சுந்தரரோடு நிறுத்தி மணம் செய்துவைக்கிறது. நீ கொடுத்த வாக்கை நாங்கள் கேட்டோம், நீ மறந்தாலும் நாங்கள் மறக்க மாட்டோம் என்று நாயன்மாருள் ஒருவரிடமே ஓர் ஊர் சொல்கிறது. அதை வெறுப்பின்றி, விழாவாக, பூவும் விளக்குமாகச் சொல்கிறது. தவறியவரைத் தள்ளிவைக்காமல், தவறியதை மறைக்கவும் செய்யாமல், சொல் சொல்லப்பட்ட அதே மரத்தடிக்கு அவரை மீண்டும் மீண்டும் அழைத்து வருகிறது. காதலுக்கான விழா எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

மனிதன் நிலையற்றவன். அவன் உள்ளம் தென்றலுக்கு அசையும், பழைய ஊரின் நினைவுக்கு உருகும், எல்லையைத் தாண்டும். தன் வலிமையால் மட்டும் ஒரு சொல்லை வாழ்நாள் முழுதும் காக்கக் கூடியவர் அரிதினும் அரியர். அதனால்தான் அவன் தன் சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், தன்னைவிட நிலையான ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது: ஒரு மரத்திடம், ஓர் ஊரிடம், கையெழுத்திட்ட மூன்று நண்பர்களிடம், தன்னைப் படைத்தவனிடம், எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னை முழுமையாகக் காண அனுமதித்த அந்த ஒரு முகத்திடம். அப்படி ஒப்படைக்கும்போது அவன் சுதந்திரத்தை இழப்பதாக நினைக்கிறான். உண்மையில் சிதறிப்போகும் தன் நாள்களுக்கு ஒரு கரையைப் பெறுகிறான். காணப்படத் துணிந்தவனுக்கே காணும் கண் நிலைக்கிறது. மகிழின் கீழ் சொல்லப்பட்ட சத்தியம் மீறப்பட்ட பிறகும் இத்தனை நூற்றாண்டு நிலைத்திருப்பது, அதைக் கேட்டவர் அதைக் கைவிடாததால்.

இந்த மாசியில் நீங்கள் ஒருவரிடம் ஒரு சொல் சொல்லப் போகிறீர்கள் என்றால், சாட்சியை வெளியே போகச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு சொல்லோடு உங்கள் முன் வந்து நின்றால், காவலுக்கு நிற்காமல் சாட்சிக்கு நில்லுங்கள்.

அன்று அந்த மூதாட்டி கொடுத்த பூக்களை ஒரு சிறு பெட்டியில் வைத்தேன். இப்போது அவை பழுப்பேறிச் சருகாகிவிட்டன. மூடியைத் திறந்தால் மணம் இருக்கிறது.